நரம்பு இழை தன் வழியைக் கண்டறிவது எப்படி?

தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்புச் செல், பாதத்தில் உள்ள ஒரு சிறு தசையை இயக்குகிறது. அந்தச் செல்லின் உடல் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதிலிருந்து புறப்படும் இழை, வளர்ந்த மனிதர் ஒருவரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வரும். அது பல செல்கள் கோத்துக்கொண்டு அமைத்த தொடர் அன்று. ஒரே செல்லின் ஒரே நீட்சி. உயிரியலில் இதை ஆக்சான் என்பார்கள். இக்கட்டுரையில் நரம்பு இழை என்றே சொல்வோம். கரு வளரும் காலத்தில் இந்த இழை முளைவிட்டு, தண்டுவடத்தை விட்டு வெளியேறி, காலாக மாறிக்கொண்டிருக்கும் சதைமொட்டுக்குள் நுழைந்து, அங்கே உருவாகிவரும் தசைகளுள் தனக்குரியதை மட்டும் சென்று தொட்டாக வேண்டும். பக்கத்துச் செல்லின் இழை அதே பாதையில் பாதித் தொலைவு கூடவே வந்துவிட்டு, வேறொரு தசையை நோக்கிப் பிரிந்துவிடும். இரண்டும் வழி தவறுவது அரிது.

இந்தப் பயணம் நடக்கும்போது கரு மிகச் சிறியதாக இருப்பதால், இழை கடக்க வேண்டிய தொலைவு மீட்டர் கணக்கில் இருப்பதில்லை. சில மில்லிமீட்டர்களே இருக்கும். முனை இலக்கைத் தொட்ட பிறகு, உடல் வளர வளர இழையும் நீண்டுகொண்டு போகிறது. எனவே தொலைவைவிடப் பெரிய சிக்கல் தேர்வுதான். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. மனித மரபணுத் தொகுதியில் புரதங்களுக்கான மரபணுக்களோ சுமார் 20,000 மட்டுமே. ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக முகவரி எழுதிக் கொடுக்க மரபணுக்கள் போதா. அப்படியானால் இழைக்குச் சேர வேண்டிய இடம் எப்படித் தெரிகிறது? சேருமிடம் அதற்குத் தெரியாது என்பதே இன்று நமக்குக் கிடைத்திருக்கும் விடை. அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பது என்பது மட்டுமே அதற்குத் தெரிகிறது. அதையும் அது சுற்றியுள்ள திசுக்கள் வெளியிடும் மூலக்கூறுகளைப் படித்தே அறிகிறது.

படிக்கும் உறுப்பு இழையின் முனையில் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால், கோழிக் கருவின் தண்டுவடத்தை வெள்ளி உப்புகளால் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வளரும் இழைகளின் நுனி கூம்பு போல அகன்றிருப்பதைக் கண்டு 1890-இல் அதை விவரித்தார். அவர் பார்த்தவை இறந்த திசுவின் மெல்லிய சீவல்கள். அசையாத அந்தப் படங்களிலிருந்தே, இது நகரும் முனை என்றும், சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள் இதை ஈர்க்கக்கூடும் என்றும் அவர் ஊகித்தார். வேதிப்பொருள் பற்றிய அந்த ஊகம் உறுதிப்பட ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு சண்டை தீர வேண்டியிருந்தது. நரம்பு இழை ஒரே செல்லிலிருந்து வளர்கிறதா, அல்லது வழியில் உள்ள பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து அதை உருவாக்குகின்றனவா என்பதில் அக்கால அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்திருந்தனர். அமெரிக்க உயிரியலாளர் ராஸ் ஹாரிசன் 1907-இல் ஒரு தவளைக் கருவிலிருந்து, பின்னாளில் மூளையும் தண்டுவடமுமாக மாறும் நரம்புக் குழாயின் சிறு துண்டை வெட்டியெடுத்து, ஒரு துளித் தவளை நிணநீரில் வைத்து, அந்தத் துளி கீழ்நோக்கித் தொங்கும்படி கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்து வைத்தார். உடலுக்கு வெளியே, வேறு செல்களின் துணையின்றி, நரம்பு இழைகள் வளர்வதை அவர் நேரிலேயே பார்த்தார். செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் கலை இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குகிறது என்பார்கள்; தடுப்பூசி முதல் புற்றுநோய் ஆய்வு வரை இன்று அக்கலையை நம்பியிருக்க, அதன் முதல் வேலை ஒரு நரம்பியல் வாதத்தை முடித்துவைப்பதாக இருந்தது.

அந்த முனையை வளர்கூம்பு என்று அழைக்கலாம். உயிருள்ள வளர்கூம்பை நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு, இருட்டறைக்குள் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவரின் கை நினைவுக்கு வரும். நடுவே தட்டையான ஒரு விரிப்பு. அதன் ஓரத்திலிருந்து விரல்களைப் போன்ற மெல்லிய நீட்சிகள் ஓயாமல் வெளியே வந்து, எதையோ தொட்டுப் பார்த்து, மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இவற்றை விரலிழைகள் என்போம். ஆக்டின் என்னும் புரதம் சங்கிலி போலக் கோத்து இவற்றுக்கு எலும்பாக அமைகிறது. சங்கிலியின் வெளிநுனியில் புதிய ஆக்டின் அலகுகள் சேர்ந்துகொண்டே இருக்கும். அதே வேளையில் முழுச் சங்கிலியும் கூம்பின் நடுப்பகுதியை நோக்கிப் பின்னே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். விரலிழை எதையும் பற்றாதபோது இரண்டும் ஈடாகிவிடுவதால் கூம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டால், சங்கிலி அந்தப் பரப்போடு பிணைந்துகொள்கிறது. பின்னிழுப்பின் விசை அப்போது கூம்பையே முன்னே கொண்டுவருகிறது. வண்டியில் கிளட்ச் பிடித்ததும் இயந்திரத்தின் சுழற்சி சக்கரத்துக்குப் போவது போன்றது இது. ஆய்வாளர்களும் இதைக் கிளட்ச் என்றே அழைக்கிறார்கள். இப்படி மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர்கள் என்ற வேகத்தில், அதாவது ஒரு நாள் முழுதும் சென்றால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தொலைவு என்ற அளவில், முனை நகர்கிறது.

கூம்பின் வலப்பக்கம் பிடிப்பு மிகுந்து, இடப்பக்கம் குறைந்தால் அது வலப்பக்கம் திரும்பும். ஆகவே வழிகாட்டும் மூலக்கூறு செய்ய வேண்டிய வேலை மிகச் சிறியது: கூம்பின் ஒரு பக்கத்தில் ஆக்டின் கட்டப்படுவதைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் போதும். அந்த மூலக்கூறை உணர்வதற்காகக் கூம்பின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பதிந்திருக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவது போல ஏற்பியில் மூலக்கூறு பொருந்தியதும், உள்ளே செய்தி செல்கிறது.

இந்த மூலக்கூறுகளைத் தேடும் வேட்டைக்கு உந்துதல் தந்தவர் ராஜர் ஸ்பெரி. பின்னாளில் மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆய்வுக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்ற அதே ஸ்பெரிதான். 1940-களில் நிலவிய கருத்து வேறாக இருந்தது: இழைகள் ஏறத்தாழக் கண்டபடி சென்று சேர்கின்றன, பிறகு பயன்பாடும் பயிற்சியும் பயனுள்ள இணைப்புகளை வகுத்துக்கொள்கின்றன என்று பலர் நம்பினர். மீன்களிலும் தவளை, நியூட் போன்ற நீர்நில வாழ்விகளிலும் பார்வை நரம்பை வெட்டினால் அது மீண்டும் வளர்ந்து மூளையைச் சேர்ந்துவிடும். ஸ்பெரி அந்த நரம்பை வெட்டியதோடு, கண்விழியையும் 180 பாகை திருப்பி அதே குழியில் வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் மேலே இரையைக் காட்டினால் விலங்கு கீழே பாய்ந்தது. முன்னால் காட்டினால் பின்னால் திரும்பியது. நாள்கள் பல கழிந்தும் அது தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. அனுபவம்தான் இணைப்புகளை வகுக்கிறது என்றால், இரை கிடைக்காத விலங்கு சில வாரங்களிலாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கண் தலைகீழாக இருந்தபோதும் விழித்திரையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வந்த இழைகள் மூளையில் தம் பழைய இடத்தையே தேடிச் சென்று சேர்ந்துவிட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் காண்பது கடினம். இழைகளும் அவை சேரும் செல்களும் வேதி அடையாளங்களைத் தாங்கியிருக்கின்றன என்ற கருத்தை, 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் ஸ்பெரி முழு வடிவில் முன்வைத்தார். அடையாளங்கள் என்ன பொருளால் ஆனவை என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

அந்தப் பொருள்களைப் பிடிப்பதற்கு மிகவும் கைகொடுத்தது தண்டுவடத்தின் ஒரு குறிப்பிட்ட இழைக் கூட்டம். தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டினால், முதுகுப் பக்கம் மேலேயும் வயிற்றுப் பக்கம் கீழேயும் இருக்கும் ஒரு வட்டம் கிடைப்பதாக எண்ணிக்கொள்வோம். மேற்பகுதியில் பிறக்கும் சில நரம்புச் செல்களின் இழைகள் நேராகக் கீழே இறங்கி, அடிப்பகுதியின் நடுக்கோட்டைக் கடந்து, மறுபக்கம் சென்றதும் மூளையை நோக்கித் திரும்புகின்றன. உடலின் இடப்பக்கச் செய்தி வல மூளைக்குப் போவது இத்தகைய கடப்புகளால்தான். நடுக்கோட்டில் அடித்தகடு என்னும் ஒரு சிறு செல் பட்டை உள்ளது. 1988-இல் மார்க் டெசியே-லவீனும் தாமஸ் ஜெசலும் அவர்தம் குழுவினரும், எலிக் கருவின் தண்டுவட மேற்பகுதித் துண்டு ஒன்றையும் அடித்தகட்டுத் துண்டு ஒன்றையும் கொலாஜன் கூழில் சிறு இடைவெளி விட்டு வைத்தார்கள். இழைகள் அடித்தகடு இருந்த பக்கம் வளைந்து சென்றன. தொடாமலேயே இழுக்கும் ஏதோ ஒன்று கூழில் பரவிக்கொண்டிருந்தது. கஹாலின் ஊகம் கண்முன் நின்றது.

அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுப்பது பெரும் உழைப்பாக இருந்தது. அடித்தகடு மிகச் சிறியது என்பதால், அதே செயலைக் காட்டிய கோழிக் கருவின் மூளைத் திசுவை ஏராளமாகச் சேகரித்து வடித்து, 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் டெசியே-லவீனின் ஆய்வகம் இரு புரதங்களைத் தனித்தெடுத்தது. அவற்றுக்கு நெட்ரின் என்று பெயரிட்டார்கள். வழிநடத்துபவர் என்ற பொருள்தரும் 'நேத்ரு' என்ற வடசொல்லிலிருந்து ஆக்கப்பட்ட பெயர் இது. அதே சொல்லின் எழுவாய் வடிவம் 'நேதா'. சுபாஷ் சந்திர போசின் 'நேதாஜி' என்ற பட்டத்தில் இருப்பதும் அதுவே. உயிரியலில் கிரேக்க, லத்தீன் பெயர்களோடு மல்லுக்கட்டும் நம் மாணவர்களுக்கு, விளக்கம் இல்லாமலே பாதி புரிந்துவிடக்கூடிய பெயர்கள் மிகச் சிலவே உண்டு; இது அவற்றில் ஒன்று.

பெயரைவிட வியப்பூட்டியது புரதத்தின் உறவுமுறை. நெட்ரினின் அமைப்பு, உருளைப்புழு ஒன்றில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த ஒரு புரதத்தோடு ஒத்துப்போயிற்று. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் அந்தப் புழுவின் இருபால் வகையில் மொத்தம் 302 நரம்புச் செல்கள்தான். நெளிந்து செல்ல முடியாமல் தடுமாறும் புழுக்களைப் பிரித்தெடுத்து, குறையுள்ள மரபணுக்களுக்கு 'அன்க்' என்று எண்வரிசைப் பெயர் இடுவது அந்தத் துறையின் வழக்கம். அவற்றில் அன்க்-6 பழுதடைந்த புழுக்களில் சில இழைகள் வயிற்றுப் பக்கம் செல்லத் தவறின; வேறு சில முதுகுப் பக்கம் செல்லத் தவறின. அன்க்-40 பழுதடைந்தால் முக்கியமாக வயிற்றுப் பக்கப் பயணமும், அன்க்-5 பழுதடைந்தால் முதுகுப் பக்கப் பயணமும் கெட்டன. அன்க்-6 என்பதுதான் புழுவின் நெட்ரின். மற்ற இரண்டும் அதன் ஏற்பிகள். புழுவின் மூதாதையும் கோழியின் மூதாதையும் பிரிந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவ்வளவு காலமும் அதே புரதம் அதே வேலையைச் செய்துவந்திருக்கிறது.

ஒரே மூலக்கூறு சில இழைகளை இழுப்பதும் சிலவற்றைத் துரத்துவதும் எப்படி என்று கேட்கலாம். தொடக்கநிலை வாசகர் இந்தத் துறையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இந்தக் கேள்விக்கான விடையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஈர்ப்பும் விலக்கும் மூலக்கூறின் குணங்கள் அல்ல. அதைப் படிக்கும் கூம்பைப் பொறுத்தவை. அன்க்-40 ஏற்பியோ, பாலூட்டிகளில் அதற்கு இணையான டிசிசி என்னும் ஏற்பியோ மட்டும் கொண்ட கூம்பு பொதுவாக நெட்ரின் பக்கம் செல்லும். அன்க்-5 வகை ஏற்பி கொண்ட கூம்பு அதிலிருந்து விலகும். சுண்டெலியின் வாசனையால் பூனை நெருங்கிவருவதும் பூனையின் வாசனையால் சுண்டெலி விலகியோடுவதும் இரண்டு வாசனைகளைப் பற்றியவை. இங்கோ வாசனை ஒன்றே, முகர்பவர்தான் இருவர்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஏற்பி மாறாமலே, கூம்பின் உள்நிலை மாறினால் பொருள் மாறிவிடும். சுழல் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறு செல்லுக்குள் செய்தி கடத்த உதவுகிறது. மூ-மிங் பூ என்னும் நரம்பியலாளரின் ஆய்வுக்குழு 1997-இல் வெளியிட்ட சோதனையில், தவளைக் கருவின் நரம்புச் செல்களுக்கு அருகே மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக நெட்ரின் செலுத்தப்பட்டது. கூம்புகள் குழாய் இருந்த பக்கம் திரும்பின. சுழல் ஏஎம்பியின் செயலைத் தடுத்துவிட்டு அதே நெட்ரினைச் செலுத்தியபோது, அவை எதிர்ப்பக்கம் திரும்பின. கூம்பு எந்தத் தரையின் மேல் ஊர்கிறது என்பதும் இந்த உள்நிலையை மாற்ற வல்லது: தவளையின் விழித்திரை இழைகள் நெட்ரினை நோக்கிச் செல்பவை, ஆனால் லாமினின் என்னும் புரதம் நிறைந்த பரப்பின்மேல் ஊரும்போது நெட்ரினை விட்டு விலகுகின்றன.

மீண்டும் நடுக்கோட்டுக்கு வருவோம். நெட்ரினைப் பின்தொடர்ந்து அங்கே வந்து சேர்ந்த இழை ஏன் அங்கேயே நின்றுவிடுவதில்லை? கடந்து போன பிறகு ஏன் திரும்பி வருவதில்லை? கண்டுபிடிப்புகள் நடந்த வரிசையில் பார்த்தால் இதற்கான விடை பழ ஈயிடமிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கோரி குட்மனின் ஆய்வகம் ஆயிரக்கணக்கான ஈக் கருக்களைச் சலித்து, நடுக்கோட்டில் தவறு நிகழும் திரிபுகளைத் தேடி 1993-இல் இரண்டை அறிவித்தது. ஒன்றில் எந்த இழையும் நடுக்கோட்டைக் கடக்கவில்லை. இணைப்பே அற்றது என்ற பொருளில் அதற்குக் 'கமிஷர்லெஸ்' என்று பெயர். மற்றதில் இழைகள் கடந்து, திரும்பி வந்து, மீண்டும் கடந்து வட்டமடித்தன. சாலைச் சந்திப்பின் வட்டத் திடலைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டிகளை நினைத்து அதற்கு 'ரவுண்டபவுட்' என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக ரோபோ.

ரோபோ ஒரு ஏற்பி என்றும், நடுக்கோட்டுச் செல்கள் சுரக்கும் ஸ்லிட் என்னும் விலக்கும் புரதத்தை அது உணர்கிறது என்றும் அடுத்த ஆறு ஆண்டுகளில் தெளிவாயிற்று. ஆக, நடுக்கோடு 'வா' என்றும் 'போ' என்றும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடக்க வேண்டிய இழை முதலில் 'போ' என்பதைக் கேட்காத செவிடாக இருக்கிறது. காரணம், அந்தக் காலத்தில் அந்தச் செல் கமிஷர்லெஸ் புரதத்தை உண்டாக்குகிறது. அது, புதிதாகத் தயாரான ரோபோவைக் கூம்பின் மேற்பரப்புக்குப் போகவிடாமல் வழிமறித்துச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. இழை மறுகரை சேர்ந்ததும் கமிஷர்லெஸ் நின்றுவிடுகிறது. ரோபோ மேற்பரப்புக்கு வந்து நிறைகிறது. அதன் பிறகு நடுக்கோடு அந்த இழைக்கு நெருங்க முடியாத இடமாகிறது. ஸ்லிட்டே இல்லாத ஈக்கருவில் இழைகள் நடுக்கோட்டுக்குள் நுழைந்து அங்கேயே குவிந்து கிடக்கின்றன. முதுகெலும்பிகளிடம் கமிஷர்லெஸ் இல்லை. அந்தப் பொறுப்பை ரோபோ-3 என்னும் உறவுப் புரதம் வேறொரு வகையில் ஏற்றிருக்கிறது.

விலக்குவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட இன்னொரு குடும்பம் செமாஃபோரின்கள். ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் வருவதற்கு முன் நின்றிருந்த கைகாட்டி மரங்களின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த பெயர் இது. இவற்றுள் ஒன்று கோழி மூளையிலிருந்து 1993-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் தெளித்தால், விரிந்திருந்த வளர்கூம்பு விரலிழைகளை எல்லாம் இழந்து குச்சி போலச் சுருங்கிவிடும். தோலிலிருந்து வலியுணர்வைக் கொண்டுவரும் இழைகள் தண்டுவடத்தின் மேற்பகுதியிலேயே நின்றுவிட, தசையின் இழுவிசையைச் சொல்லும் இழைகள் கீழ்ப்பகுதிவரை இறங்கிப் போவதற்கு இக்குடும்பம் ஒரு காரணம்: கீழ்ப்பகுதியில் சுரக்கும் செமாஃபோரின் முன்னதைத் தடுக்கிறது, பின்னதை அது பாதிப்பதில்லை.

ஸ்பெரியின் தவளைக் கண் என்ன ஆயிற்று? அதற்கு விடை தேடியவர் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஆய்வு செய்த ஃபிரீட்ரிக் போன்ஹோஃபர். கோழியின் விழித்திரையில் நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகள் மூளையின் பார்வை மேட்டின் முன்பகுதிக்கும், மூக்குப் பக்கத்து இழைகள் பின்பகுதிக்கும் செல்லும். போன்ஹோஃபர் குழு 1987-இல் முன்பகுதிச் செல்களின் சவ்வுகளையும் பின்பகுதிச் செல்களின் சவ்வுகளையும் மாறி மாறிக் கோடுகளாகப் பரப்பி, பாய் போன்ற ஒரு தளம் செய்தது. நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகள் முன்பகுதிக் கோடுகளில் மட்டுமே நடந்தன. முன்பகுதி அவற்றை ஈர்க்கிறது என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் பின்பகுதிச் சவ்வை மட்டும் சூடாக்கிச் செயலிழக்கச் செய்ததும் அந்தத் தேர்வு மறைந்தது. இழைகள் எல்லாக் கோடுகளிலும் நடந்தன. அதாவது, முன்பகுதி இழுக்கவில்லை; பின்பகுதிதான் துரத்தியிருந்தது. எளிமையில் இதற்கு இணையான சோதனையை இத்துறையில் நான் வேறு படித்ததில்லை.

துரத்திய பொருள் எஃப்ரின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1995-இல் தெரியவந்தது. நெட்ரினைப் போல இது பரவிச் செல்வதில்லை. செல்லின் சவ்விலேயே ஒட்டியிருக்கும், கூம்பு தொட்டால்தான் தெரியும். பார்வை மேட்டின் முன்னிருந்து பின்னாகச் செல்லச் செல்ல எஃப்ரினின் அளவு ஏறுகிறது. விழித்திரையில் மூக்குப் பக்கத்திலிருந்து நெற்றிப்பொட்டுப் பக்கம் செல்லச் செல்ல, அதை உணரும் எஃப் என்னும் ஏற்பியின் அளவு ஏறுகிறது. ஏற்பி மிகுந்த இழை சிறிதளவு எஃப்ரினையும் பொறுக்காமல் முன்பகுதியிலேயே நின்றுவிடும். ஏற்பி குறைந்த இழை பின்பகுதிவரை போகும். இடைப்பட்டவை இடைப்பட்ட இடங்களில் அமரும். ஒவ்வோர் இழைக்கும் ஒரு தனி அடையாளம் தேவையில்லை. ஒரே அடையாளத்தின் கூடுதல் குறைவே ஒரு வரிசையை உண்டாக்கிவிடுகிறது. மரபணுக்கள் போதா என்று தொடக்கத்தில் எழுந்த கணக்குச் சிக்கல் பெருமளவு இங்கே அவிழ்கிறது. வேறொரு திசையில் ஏறும் இரண்டாவது இணையையும் சேர்த்துக்கொண்டால், தளத்தின் எந்தப் புள்ளியையும் இரண்டு அளவுகளால் குறித்துவிடலாம்.

இவ்வளவு வேலைகளையும் செய்யும் கூம்பு, செல்லின் உடலிலிருந்து ஓரளவு தன்னாட்சியோடு இயங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தவளைக் கருவின் விழித்திரை இழையைச் செல்லின் உடலிலிருந்து வெட்டிவிட்டாலும், சில மணிநேரம் கூம்பு நெட்ரினுக்கு ஏற்பத் திரும்புகிறது. அதற்குத் தேவையான புரதங்களைக் கூம்பே அந்த இடத்தில் தயாரித்துக்கொள்கிறது என்றும், அந்தத் தயாரிப்பைத் தடுத்தால் திரும்புவது நின்றுவிடுகிறது என்றும் கிறிஸ்டின் ஹோல்ட்டின் ஆய்வகம் 2001-இல் காட்டியது.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அடித்தகட்டிலிருந்து நெட்ரின் பரவி, தொலைவிலிருந்தே இழைகளை அழைக்கிறது என்ற படம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் இடம்பெற்று வந்தது. மேலே நானும் அந்த வரிசையிலேயே கதையைச் சொன்னேன். 2017-இல் இரு குழுக்கள், சுண்டெலிக் கருவில் அடித்தகட்டில் மட்டும் நெட்ரினை நீக்கிப் பார்த்தன. இழைகள் பெரும்பாலும் சரியாகவே சென்றன. தண்டுவடத்தின் உட்குழியை ஒட்டிய செல்களிலிருந்து நெட்ரினை நீக்கியபோதுதான் பாதை குலைந்தது. அந்தச் செல்கள் உண்டாக்கும் நெட்ரின் தண்டுவடத்தின் வெளி ஓரத்தில் படிந்து, இழைகள் பற்றிச் செல்லும் பாதையாக அமைகிறது என்று அக்குழுக்கள் விளக்கின. தொலைவிலிருந்து வரும் மணமாகக் கருதப்பட்டது, காலடியில் விரித்த பாதையாகவும் இருந்திருக்கிறது. பின்னர் வந்த ஆய்வுகள் அடித்தகட்டு நெட்ரினுக்கும் ஒரு பங்கு உண்டு என்று காட்டின. கொலாஜன் கூழில் கண்டது பொய்யன்று. ஆனால் கூழில் நடக்கக்கூடியது எல்லாம் கருவில் அப்படியே நடந்தாக வேண்டும் என்பதில்லை. தவிர, அடித்தகட்டில் நெட்ரின் மட்டும் இல்லை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதமும் இழைகளை இழுக்கிறது, எதிர்முனையில் முதுகுப் பக்கத்துச் செல்கள் பிஎம்பி வகைப் புரதங்களால் அவற்றைக் கீழே தள்ளுகின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை தாங்கிக்கொள்வதால், எந்த ஒரு மூலக்கூறையும் தனித்து நிறுத்தி இதுதான் வழிகாட்டி என்று கைநீட்டுவது கடினம்.

மனிதரில் இவ்வழிக்குறிகள் பழுதடைந்தால் என்ன ஆகும் என்பதை மரபணு ஆய்வுகள் ஓரளவு காட்டியுள்ளன. டிசிசி மரபணுவின் ஒரு பிரதி பழுதடைந்த சில குடும்பங்களில், வலக் கையால் எழுத முனைந்தால் இடக் கையும் தானாக அதே அசைவைச் செய்கிறது. கண்ணாடி அசைவு என்னும் இந்நிலைக்கு டிசிசி காரணமாகலாம் என்று 2010-இல் கண்டறிந்தனர். ரோபோ-3 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதடைந்தவர்களைப் பற்றிய கண்டுபிடிப்பு 2004-இல் வந்தது. அவர்களால் கண்களை மேலும் கீழும் அசைக்க முடிகிறது. பக்கவாட்டில் அசைக்க முடிவதில்லை. சிறுவயதிலிருந்தே முதுகெலும்பு வளைந்துகொண்டே போகிறது. அவர்களது மூளையைப் படமெடுத்தும் நரம்பு மின்குறிகளை அளந்தும் பார்த்தபோது, வழக்கமாக மூளைத்தண்டில் பக்கம் மாற வேண்டிய பெரிய இழைக்கற்றைகள் மாறாமலே நேராகச் சென்றிருந்தன. அவர்களில் வல மூளை இயக்குவது வலக் கையை.